அடித்தால் பேசும் படிகம்

அடித்தால் அழுவது குழந்தை. அடித்தால் மின்சாரம் தருவது படிகம்! 1880ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் ஜாக் கியூரி, பியர் கியூரி என்னும் உடன்பிறந்தார் இருவர் கண்டறிந்த உண்மை இது. குவார்ட்சு போன்ற சில படிகங்களை அழுத்தினால் அவற்றின் முகங்களில் மின்னூட்டம் தோன்றும். வகுப்பில் இதை எழுதிப் படித்தேன். கண்ணால் கண்டதோ என் சித்தப்பாவின் டிரம்முக்குள்ளே!

சித்தப்பா மெல்லிசைக் குழுவில் தாளம் வாசிப்பவர். கோயில் கொடைகளில் கிடைப்பதுதான் அவருக்கு வருமானம். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். முதலாண்டுக் கட்டணம் அந்தத் தாளக் காசில் கட்டியது. 1981இல் இங்கிலாந்தில் வெளிவந்த சிம்மன்ஸ் எஸ்.டி.எஸ்.-5 என்னும் மின்னணு டிரம்தான் அறுகோணத் தட்டுகளைப் பெயர்பெறச் செய்தது. சித்தப்பாவுடையது அந்தச் சாயலில் யாரோ செய்தது. பெயர்த்தகடு உதிர்ந்து பல காலம் ஆயிற்று.

ஆடிக் கொடைக்குப் பதினெட்டு நாள் இருக்கையில் அது படுத்துவிட்டது. ஓயாத இரைச்சல், இரண்டு தட்டுகள் ஊமை. கடைக்காரர் உதிரிப்பாகம் கிடைக்காது என்று கைவிரித்தார். புதிது வாங்க வட்டிக்குத்தான் போகவேண்டும்.

"ஏல, நீ பிசிக்ஸ்தான படிக்க? இதக் கொஞ்சம் பாரு," என்றார் சித்தப்பா.

"பாக்கேன் சித்தப்பா."

செருகியைப் பிடுங்கிவிட்டு, பெரிய மின்தேக்கிகளில் தேங்கியிருந்த மின்சாரத்தை ஒரு மின்தடை வழியே வடித்தேன். இணைப்பைத் துண்டித்த பிறகும் அள்ளிக் கொடுக்கும் வள்ளல்கள் அவை! 50 ஹெர்ட்சு மின்சாரத்தை முழு அலைத் திருத்தம் செய்தால் 100 ஹெர்ட்சு அலைவு மிஞ்சும். அதை நிரவுவது மின்தேக்கியின் வேலை. முதுகில் 2200 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருந்தது, அளந்தால் 340! உள்ளிருந்த மின்பகு திரவம் வறண்டுபோயிருந்தது. புதியதை நேர்முனை, எதிர்முனை பார்த்துப் பொருத்தியதும் இரைச்சல் அடங்கிற்று.

ஊமைத் தட்டுகளின் ரப்பரை உரித்தேன். அடியில் இருந்த பஞ்சு பொடிப்பொடியாக உதிர்ந்தது. அதன் கீழே பித்தளை வில்லை. அதன்மேல் பீங்கான் பூச்சு. அதுதான் கியூரி சகோதரர்களின் படிகத்துக்குப் பேரன். ஒன்றில் கம்பி மட்டும் அறுந்திருந்தது. சூடு மிஞ்சினால் வெள்ளிப் படலம் பெயர்ந்துவிடும். எனவே கண் இமைக்கும் நேரத்தில் பற்றவைத்தேன். மற்றொன்றில் பீங்கானே விரிசல். ஊதுகுழல் பஸ்ஸருக்குப் போடும் வில்லையை ரேடியோக் கடையில் வாங்கி மாற்றினேன். பேராசிரியர் அனுமதியுடன் துறையின் அலைநோக்கியில் இணைத்து விரலால் தட்டினேன். திரையில் ஒளிக்கோடு துள்ளிக் குதித்தது! ஆய்வுக்கூட உதவியாளர்கூட எட்டிப் பார்த்தார்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அந்தப் பெட்டிக்குள் பதிவுசெய்த டிரம் ஓசை எதுவும் இல்லை. அலையியற்றி ஒன்று ஓசையை உண்டாக்க, ஒரு மின்தேக்கி மெல்ல மெல்ல வடிந்து அதைத் தேயவைக்கிறது. முகப்புத் திருகைத் திருப்பினால் மின்தடை கூடி, 'டப்' என்பது 'டூம்ம்' என நீள்கிறது. தேர்வுக்காக நாம் உருப்போடும் ஆர்.சி. காலமாறிலியை, சூத்திரம் தெரியாமலே சித்தப்பா முப்பது ஆண்டுகளாகக் காதால் அளந்திருக்கிறார்!

வாசித்துப் பார்த்தவர், "புதுத் தட்டு கொஞ்சம் துடுக்கா இருக்குல," என்றார். மாற்றட்டுமா என்றேன். "வேண்டாம், நான் பையத் தட்டிக்கிடுதேன்."

கொடையன்று மேடைக்குப் பின்னால் பற்றவைக்கும் கோலோடு காவல் இருந்தேன். இரவு இரண்டரை மணி வரை தாளம் பிசகவில்லை என்று மறுநாள் சொன்னார்கள். பன்னிரண்டு மணிக்கே நான் தூங்கிவிட்டேன்.