அக்காவின் கொப்பியும் எங்கட நாலு போனும்

"என்ர பேர் இல்லையோ பிள்ளை? நான் முதல் நாளே வந்து பதிஞ்சனான்."

மேசைக்கு முன்னால் நின்ற அம்மா கேட்டது இவ்வளவுதான். மழை விட்டு மூன்றாம் நாள். பாடசாலை மண்டபத்தில் உலர் உணவுப் பொதிகளைக் கொடுத்துக்கொண்டிருந்தோம். பட்டியல் எங்களுடைய மடிக்கணினியில் இருந்தது. "வடிவாப் பாருங்கோ ராசா" என்றா. வடிவாகப் பார்த்தோம். பெயர் இல்லை.

பக்கத்தில் இருந்த சனசமூக நிலையத்து அக்கா ஒன்றும் கதைக்காமல் தன்னுடைய சீ.ஆர். கொப்பியைப் புரட்டினா. 41ஆவது பெயர். பொதியை எடுத்துக் கொடுத்தா. அந்த அம்மா எங்களோடு கோபிக்கவே இல்லை. அதுதான் இன்னும் உறைக்குது.

அந்தக் கிழமை பதிவு வேலையை நாங்களாகத்தான் இழுத்துப்போட்டுக்கொண்டோம். அக்கா கொப்பியில் கோடு போட்டு ஒவ்வொரு குடும்பமாக எழுத, வரிசை வாசலைத் தாண்டி நின்றது. "அக்கா, ஒரு சின்ன புரோகிராம் எழுதித்தாறம். நாலு போனில ஒரேநேரத்தில பதியலாம்" என்றோம். ஓர் இரவுக்குள் பைதனில் எழுதி முடித்தோம். ஒரு ரவுட்டர், ஒரு மடிக்கணினி, நாலு போன். இன்டர்நெட் தேவையில்லை. விபரமெல்லாம் போய்ச் சேருவது எஸ்கியூலைட் கோப்பு ஒன்றுக்குள். அக்கா மட்டும் கொப்பியை மூடவில்லை. "நீங்கள் அதில அடியுங்கோ, நான் இதில எழுதுறன்" என்றா. நாங்கள் எங்களுக்குள்ளே சிரித்தோம்.

அன்றிரவு இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தோம். கொப்பியில் 213 குடும்பங்கள். கோப்பில் 196. மிச்சம் 17 குடும்பங்களும் எங்கே? பிழைகளை எழுதி வைக்கிற லொக் கோப்பைத் திறந்தால் ஒரே வரி 17 தரம்: டேட்டாபேஸ் இஸ் லொக்ட்.

எஸ்கியூலைட்டைக் குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை. 2000ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஹிப் என்பவர் எழுதத் தொடங்கிய தரவுத்தளம் அது. அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்றின் மென்பொருளில் வேலை செய்தபோது, தனியாக ஒரு சேர்வர் ஓடாமலே இயங்குகிற தரவுத்தளம் வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. இன்றைக்கு உங்கட கையில் இருக்கிற போனுக்குள்ளும் அது இருக்கிறது. முழுத் தரவுத்தளமும் ஒரே கோப்பு. நடுவில் நின்று வரிசை பிடிக்க சேர்வர் இல்லாதபடியால், ஒழுங்கைக் காப்பது அந்தக் கோப்பின் மேல் போடுகிற பூட்டுகள்தான். வாசிக்கிற பூட்டை எத்தனை பேரும் ஒரேநேரத்தில் வைத்திருக்கலாம். எழுதுகிற பூட்டு ஒருவருக்குத்தான். அதுவும் ஒரு வரிக்கு இல்லை, முழுக் கோப்புக்கும்.

எங்கட புரோகிராமில் ஒவ்வொரு போனுக்கும் ஒரு திரெட். நாலு திரெட்டும் தனித்தனி இணைப்பு எடுத்து அந்த ஒரே கோப்பைத் திறக்கும். ஒவ்வொன்றும் செய்தது இதுதான்: பரிவர்த்தனையைத் தொடங்கும், இந்தக் குடும்ப அட்டை ஏற்கனவே பதிந்ததா என்று வாசிக்கும், புது வரியை எழுதும், அட்டையின் படத்தைச் சிறிதாக்கிச் சேமிக்கும், கடைசியில் கொமிற் செய்யும். பழைய மடிக்கணினி. படம் சிறிதாக ஏழெட்டு செக்கன் எடுக்கும். அவ்வளவு நேரமும் எழுதுகிற பூட்டு ஒரு திரெட்டின் கையில். மற்ற மூன்றில் யார் எழுத வந்தாலும் வெளியேதான்.

முதலில் நாங்கள் நினைத்தது, காத்திருக்கிற நேரம் காணாது என்று. பைதனில் அது வழமையாக 5 செக்கன். 30 ஆக்கினோம். ஒரு மாற்றமும் இல்லை! பிழை அதே கண்சிமிட்டலில் வந்தது. காத்திருக்கச் சொன்னாலும் ஏன் காத்திருக்குதில்லை? இது விளங்க எங்களுக்கு இரண்டு இரவு போனது.

விசயம் இதுதான். வெறும் பிகின் என்று தொடங்கினால் எஸ்கியூலைட் உடனே எந்தப் பூட்டும் எடுக்காது. வாசிக்கும்போது வாசிக்கிற பூட்டு, எழுதும்போதுதான் எழுதுகிற பூட்டு. இரண்டு திரெட்டும் வாசித்துவிட்டு அந்தப் பூட்டை விடாமல் நிற்கின்றன என்று வையுங்கோ. ஒன்று எழுதுகிற பூட்டை எடுத்துவிட்டது. ஆனால் வாசிக்கிற மற்ற ஆள் விலகும்வரை அதனால் கொமிற் செய்ய முடியாது. மற்ற ஆளோ எழுதுகிற பூட்டுக்காக நிற்கிறார். இரண்டு பேரும் ஆளையாள் பார்த்துக்கொண்டு விடியும்வரை நிற்கலாம். அப்படி நடக்கக்கூடாது என்றுதான், வாசிக்கிற பூட்டோடு எழுத வருகிறவரை எஸ்கியூலைட் காக்க வைக்காமல் உடனே திருப்பி அனுப்புகிறது. அது சரியான வேலையைத்தான் செய்தது.

திருத்தம் சின்னது. பிகின் இமீடியற் என்று தொடங்கினால், எழுதுகிற பூட்டை வாசலிலேயே கேட்கும். கிடைக்காவிட்டால் கையில் ஒன்றும் வைத்திருக்காமல் வரிசையில் நிற்கும். அந்த 30 செக்கனுக்கும் அப்போதுதான் அர்த்தம் வந்தது. படம் சிறிதாக்குகிற வேலையைப் பரிவர்த்தனைக்கு வெளியே தூக்கினோம். பூட்டுப் பிடிக்கிற நேரம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறைந்தது. பிறகு வோல் முறைக்கும் மாறினோம். 2010இல், 3.7.0 பதிப்பில் வந்தது அது. அதில் புது எழுத்துகள் முதலில் வேறொரு கோப்பில் சேரும். பட்டியலை வாசிக்கிறவர் எழுதுகிறவரை மறிக்கமாட்டார், எழுதுகிறவரும் வாசிக்கிறவரை மறிக்கமாட்டார். ஆனால் அதிலும் ஒரு நேரத்தில் எழுதுவது ஒருவர்தான். இன்னொன்று: புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போது முதன்மைக் கோப்பை மட்டும் பென் ட்ரைவில் கொப்பி பண்ணினால், கடைசியாகப் பதிந்த ஆக்கள் அதில் இல்லாமல் போகலாம்.

இவ்வளவும் பூட்டின் கதை. ஆனால் அந்த அம்மாவின் பெயர் தொலைந்தது பூட்டால் இல்லை. எஸ்கியூலைட் 17 தரமும் "முடியேல்ல" என்று நேர்மையாகச் சொன்னது. சனத்துக்கு முன்னால் புரோகிராம் விழுந்தால் வெட்கம் என்று, எந்தப் பிழை வந்தாலும் அதை லொக் கோப்பில் எழுதிவிட்டுத் திரையில் பச்சை எழுத்தில் "பதியப்பட்டது" என்று காட்டச் சொல்லி எழுதியது நாங்கள். அவ்வளவு அவசரம். அந்த அம்மா பார்த்துவிட்டு நம்பிப் போனது எங்கட பச்சை எழுத்தை.

17 வீட்டுக்கும் நடந்தே போனோம். சில இடத்தில் முழங்காலளவு தண்ணி. பொதியைக் கொடுத்து, "எங்கட பிழை" என்று சொன்னோம். ஒரு ஐயா, "கொம்பியூட்டர் பிழை விடுமோ தம்பி?" என்று கேட்டார். "இல்லை ஐயா, நாங்கள்தான்" என்றோம்.

இப்போது பதிந்து முடிந்ததும் திரையில் ஓர் இலக்கம் வரும். கொமிற் ஆன பிறகு கோப்பிலிருந்து திரும்ப வாசித்தெடுத்த இலக்கம். எழுத முடியாமல் போனால் சிவப்பில் "பதியேல்லை, திரும்ப அழுத்துங்கோ" என்று வரும். அந்த இலக்கத்தை அக்கா தன்னுடைய கொப்பியில் பெயருக்குப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுறா. நாங்கள் இப்ப சிரிக்கிறதில்லை.