பாய்மரத்துக்கு எங்கே முட்டு?



அடையாறில் இருக்கும் பழைய மாணவன் ஒருவன் வீட்டு வாசலில் ப்ளைவுட்டால் சின்னப் பாய்மரப் படகு கட்டுகிறான். பாய்மரத்தை நிறுத்திப் பக்கக் கயிறுகளை இறுக்கியதும், அது நிற்கும் மேல்தளம் அரை அங்குலம் அமுங்கிவிட்டது. "மேலே இன்னொரு பலகை ஒட்டிடட்டுமா சார்? லீவுக்குப் பாப்பாவை ஏத்திக்கிட்டுப் போகணும்" என்று கேட்டான். குழந்தை ஏறப்போகிறது என்றதும் நிதானமாகவே பதில் எழுதினேன். உங்களுக்கும் பயன்படும்.

வகுப்பில் செய்த கயிற்றுச் சோதனை நினைவிருக்கிறதா? பலசாலிப் பையன்கள் இருவர் கயிற்றை விறைப்பாகப் பிடிப்பார்கள். மெலிந்த பெண் ஒருத்தி நடுவில் அழுத்துவாள். இருவரும் தடுமாறி முன்னே வருவார்கள்!

படகிலும் அதே கணக்குதான். காற்று தள்ளும்போது மரம் சாயாமல் பிடிப்பது பக்கக் கயிறு. படகு குறுகலானதால் கயிறு மரத்தை ஒட்டியே இறங்குகிறது. இடையில் 15 பாகை கோணம் என்று வையுங்கள். கயிறு கட்டிய உச்சியில் பக்கவாட்டாக 10 கிலோ தள்ளினால், கயிற்றில் சுமார் 39 கிலோ இழுப்பு. அந்த இழுப்பு மரத்தைக் கீழ்நோக்கி 37 கிலோ அழுத்தும்.

ஆகவே மேலே ஒட்டும் பலகை சுமையைக் கொஞ்சம் பரப்பும், அவ்வளவுதான். பாய்மரத்துக்கு நேர் கீழே, தளத்தின் அடிப்பக்கத்திலிருந்து ஏரா வரை முட்டுக்கால் கொடுக்க வேண்டும். ஏரா என்பது படகின் முதுகெலும்பான அடிமரம். முட்டுக்காலின் பாதமும் ஒரே இடத்தில் குத்தாமல், இரண்டு மூன்று குறுக்குச் சட்டங்களைத் தழுவும் நீளக் கட்டையில் உட்காரட்டும். தண்ணீர் இறங்கி மரம் உளுத்திருக்கிறதா என்று முதலில் உளி முனையால் குத்திப் பார்க்க வேண்டும். உளுத்த மரத்துக்கு முட்டுக் கொடுத்துப் பயனில்லை.

பெரிய கப்பலுக்கும் இதே கவலை உண்டு. தேங்காய் நார்க் கயிற்றால் தைத்துக் கட்டிய நம் கடற்படையின் கௌண்டின்யா கப்பலுக்கு அஜந்தா ஓவியம்தான் மாதிரி. பழைய வரைபடம் கிடையாது. அதனால் நம்ம ஐ.ஐ.டி.யின் கடல்சார் பொறியியல் துறையோடு சேர்ந்து மாதிரி வடிவத்தைச் சோதித்தார்கள். மரத்தாலான பாய்மர அமைப்பைக் கடற்படையே தனியாக ஆராய்ந்தது. 2025 டிசம்பர் 29 அன்று போர்பந்தரில் கிளம்பிய கப்பல், ஜனவரியில் மஸ்கட் சேர்ந்தது.

பாய் விரிந்த படத்தைப் பார்த்து எல்லோரும் கைதட்டினோம். பாய்மரத்தை முன்கூட்டியே சோதித்தவர்களுக்கும் ஒரு கைதட்டல் போடுங்கள்.