மேஜை மேல் ஒரு பட்டாளம்

சண்டை என்றால் நாலு தெரு தள்ளி நின்று விசாரித்துக் கொள்வதே நமது பரம்பரை வழக்கம். அப்படிப்பட்ட நாம் ஒரு வருஷ காலமாகப் பட்டாளம் திரட்டி வருகிறோம் என்றால் நேயர்கள் நம்பமாட்டார்கள். ஆனாலும் விஷயம் உண்மை. இதுவரை நூற்றுக்கு மேற்பட்ட சிப்பாய்களைச் சேர்த்துவிட்டோம். சம்பளம், படி, சாப்பாடு ஒன்றும் கிடையாது. ஒவ்வொருவனும் ஓர் அங்குலத்துக்குச் சற்று அதிகமான உயரம். எல்லாரும் பிளாஸ்டிக்கினால் ஆனவர்கள்.

"ஊரில் இருக்கிற சண்டை போதாதென்று விலை கொடுத்து வேறு வாங்க வேண்டுமா?" என்று நம் வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பதில் சொல்லாமல் பெட்டியைப் பிரித்தோம்.

மேஜைப் போர் என்பது மேனாட்டார் விளையாட்டு. ஆறடி மேஜையில் பச்சைத் துணியை விரித்து, அடியில் புத்தகங்களைச் செருகி மேடு பள்ளம் உண்டாக்கி, எதிரெதிரே இரண்டு பொம்மைச் சேனைகளை நிறுத்த வேண்டும். சேனைகள் எவ்வளவு தூரம் நடக்கலாம் என்பதை அளவு நாடா சொல்லும். சுட்ட குண்டு பட்டதா என்பதைப் பகடை சொல்லும். பிரஷ்யா தேசத்தில் ரைஸ்விட்ஸ் என்ற பிரபு 1812-ல் தம் அரசருக்கு இப்படி ஒரு போர் மேஜையைச் செய்து காட்டினார். பீரங்கிப் படையில் அதிகாரியாயிருந்த அவருடைய குமாரர் 1824-ல் விதிகளைத் திருத்தி வெளியிட்டார். ராணுவத் தலைமையே அதை ஒரு பயிற்சியாக ஏற்றுக்கொண்டது. அவர்கள் வைத்துக்கொண்டவை பொம்மைகள் அல்ல. வர்ணம் பூசிய சிறு கட்டைகள். ஒரு கட்டை என்றால் ஒரு படைப் பிரிவு. கட்டைக்கு முகம் கிடையாது. காரியத்துக்கு அதுவே சௌகரியம் போலும்!

முகமுள்ள சிப்பாய்களைத் தரையில் நிறுத்திப் பெரியவர்களும் விளையாடலாம் என்று துணிந்து புஸ்தகமே எழுதியவர் ஆங்கில நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸ். 'லிட்டில் வார்ஸ்' என்ற அந்த நூல் 1913-ல் வெளிவந்தது. காலாள் ஒரு முறைக்கு ஓரடி, குதிரை இரண்டடி; வில் வைத்த பொம்மைப் பீரங்கி சிறு மரத்துண்டைச் சுடும்; எது விழுந்ததோ அது செத்தது. பெரிய யுத்தத்தின் மடமையைக் காண இந்தச் சிறிய யுத்தமே போதும் என்பது அவர் கட்சி. அவருடைய தேசத்தாரும் பக்கத்துத் தேசத்தாரும் அதை எவ்வளவு தூரம் படித்தார்கள் என்பதை 1914 சொல்லிவிட்டது.

வெல்ஸ் காலத்துச் சிப்பாய்கள் ஈயத்தால் ஆனவர்கள். 1959-ல் இங்கிலாந்தின் ஏர்ஃபிக்ஸ் கம்பெனி ஓர் அங்குலம்கூட இல்லாத மெது பிளாஸ்டிக் சிப்பாய்களைப் பெட்டி பெட்டியாக விற்க ஆரம்பித்தது. பையன்களின் கைக்காசுக்கு எட்டும் விலையில் ஒரு சேனை! ஆனால் அந்தப் பிளாஸ்டிக்கில் பசையும் பிடிக்காது, வர்ணமும் நிற்காது. துப்பாக்கியைச் சற்று வளைத்தால் வர்ணம் பொருக்காக உதிரும். இப்போது நாம் வாங்குகிறவை கெட்டிப் பிளாஸ்டிக்கில் வார்த்தவை. இந்தத் தொழிலுக்குப் பேர்போன ஊர் நாட்டிங்ஹாம். ராபின்ஹுட் கதை படித்தவர்களுக்கு ஊர் பழக்கமானதே.

பெட்டியைத் திறந்தால் சிப்பாய் இருக்கமாட்டான். சாம்பல் நிறச் சட்டங்கள் இருக்கும். ஜன்னல் கம்பிகளைப் போன்ற அந்தச் சட்டங்களில் உடல்களும், தலைகளும், துப்பாக்கி பிடித்த கைகளும், தோல் பைகளும் தனித்தனியே தொங்கும். முதன்முதல் பார்த்தபோது மனத்துக்குச் சற்றுச் சங்கடமாகத்தான் இருந்தது. ஏன் இப்படித் துண்டு துண்டாகத் தருகிறார்கள் என்பதற்குக் காரணம் உண்டு. எஃகு அச்சு இரண்டு பாதிகளாக இருக்கிறது. இரண்டையும் சேர்த்து இறுக்கி, உருகிய பிளாஸ்டிக்கை அழுத்தத்தோடு உள்ளே செலுத்தி, ஆறியதும் நேராகப் பிரிக்கிறார்கள். மார்புக்குக் குறுக்கே துப்பாக்கி பிடித்தவனை ஒரே வார்ப்பில் எடுத்தால், கைக்கும் மார்புக்கும் நடுவிலுள்ள இடைவெளி அடைபட்டுவிடும். அடைபடாமல் வார்த்தாலோ அச்சு பிரியாது. ஆகவே கை வேறு, மார்பு வேறு. அவனை மனிதனாக்கும் பொறுப்பு வாங்கியவனுடையது.

முதலில் சிறிய வெட்டுக்குறடால் துண்டுகளைச் சட்டத்திலிருந்து நறுக்க வேண்டும். உடலை ஒட்டி நறுக்கினால் தோளில் பள்ளம் விழும். சற்று விட்டு நறுக்கிப் பிறகு சீவ வேண்டும். அச்சின் இரு பாதிகளும் கூடின இடத்தில் தலை முதல் கால் வரை மெல்லிய கோடு ஒன்று ஓடும். கத்தியின் முதுகால் அதைச் சுரண்டி எடுக்காவிட்டால், வர்ணம் பூசியதும் ஆளை நெடுக அறுத்துத் தைத்தது போலத் தெரியும். பிறகுதான் ஒட்டும் வேலை. இதற்கு உபயோகமாவது நாம் அறிந்த பசை அல்ல. தண்ணீர் போன்ற ஒரு திரவம். தூரிகை நுனியால் தொட்டு வைத்தால் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பு இளகுகிறது. இளகின இரண்டு பரப்புகளும் கலந்து, திரவம் ஆவியாய்ப் போனதும் ஒன்றாய் இறுகுகின்றன. அப்புறம் பிரிக்க முடியாது. ஆகையால் அந்தச் சில விநாடிகளுக்குள் அவன் எந்தப் பக்கம் பார்க்கிறான், துப்பாக்கியை நீட்டியிருக்கிறானா சாய்த்திருக்கிறானா என்றெல்லாம் தீர்மானித்துவிட வேண்டும். தலையை இம்மி திருப்பினால் போதும், பயந்தவன் ஆகிறான். இம்மி நிமிர்த்தினால் முரடன். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்வது நல்லது. அந்தத் திரவத்தின் நெடி தலைவலி தரும்.

நமது மேஜையில் நடக்கும் யுத்தம் 1803-ஆம் வருஷம் செப்டம்பர் 23-ஆம் தேதி, இப்போது மகாராஷ்டிரத்து ஜால்னா ஜில்லாவில் உள்ள அசாயே கிராமத்தருகே நடந்தது. பின்னாளில் வெல்லிங்டன் பிரபு ஆன ஆர்தர் வெல்லஸ்லி, மராட்டியச் சேனையைத் தாக்கி ஜயித்தார். வாட்டர்லூவைவிட அசாயேயைத்தான் அவர் தமது சிறந்த போராக மதித்தார் என்பார்கள். அவரிடம் ஸ்காட்லாந்துப் பட்டாளங்கள் இரண்டு இருந்தன. காலாட்படையின் மற்றப் பட்டாளங்கள் சென்னைச் சிப்பாய்களுடையவை. தமிழர், தெலுங்கர், முஸ்லிம்கள். இன்றைய மதராஸ் ரெஜிமெண்டின் சின்னத்திலுள்ள யானை அந்த அசாயேயின் யானைதான்.

நாம் வாங்கிய பெட்டியில் உள்ளவர்களோ ஐரோப்பாவில் சண்டையிட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்கள். சென்னைச் சிப்பாய் முழுநீளக் கால்சட்டை அணிந்தவன் அல்லன். தொடையோடு நிற்கும் கால்சட்டையும் செருப்புமாகப் போனவன். ஆகவே ஒவ்வொருவன் காலிலும் துணியின் மடிப்புகளைச் சுரண்டி வெறுங்கால் ஆக்க வேண்டியிருந்தது. மஞ்சளும் நீலமுமாக இரண்டு துண்டுகளாய் வரும் ஒரு வகை மெழுகு உண்டு. பிசைந்தால் பச்சையாகி, சில மணி நேரத்தில் கல்லாக இறுகும். அதை உருட்டித் தலைப்பாகை போன்ற தொப்பியைச் செய்தோம். ஓர் ஆளுக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. வர்ணம் வேறு.

நமது தமக்கை மகன், பத்து வயதுப் பையன், விடுமுறைக்கு வந்தவன் பக்கத்தில் உட்கார்ந்து கைகளை ஒட்டிக் கொடுத்தான்.

"மாமா, இதிலே நம்ம கட்சி எது?" என்றான்.

சிவப்புச் சட்டைக்காரர்களைக் காட்டி, "இவர்கள் நம் பக்கத்து ஆட்கள்" என்றோம்.

"அப்போ ஜெயிச்சது நாமா?"

"ஜயித்தது கம்பெனி."

"அந்தப் பக்கம் யாரு?"

"சிந்தியாவின் பட்டாளம். அவர்களும் இந்த தேசத்தவர்தான். தளபதி மட்டும் போல்மான் என்கிற ஜெர்மானியன்."

பையன் நம் கையிலிருந்த டப்பியை உற்றுப் பார்த்தான். "அதான் ரெண்டு பக்கத்துக்கும் முகத்துக்கு ஒரே பெயிண்டா?" என்றான்.

உண்மைதான். மேஜையின் இரு பக்கத்துக்கும் அந்த ஒரே பழுப்பு நிற டப்பிதான் போகிறது.

அசாயேயில் கம்பெனிப் படைக்கு நேர்ந்த நஷ்டம்: இறந்தவர் 428, காயமுற்றவர் 1,138, காணாமற் போனவர் 18. மராட்டியர் தரப்பில் இதைவிட அதிகம். எங்கள் கணக்கில் ஒரு பொம்மை 20 பேருக்குச் சமானம். ஆகவே 1,584 பேர் என்றால் மேஜையை விட்டு 79 பொம்மைகள் போக வேண்டும். அதில் 21 பொம்மைகள் செத்தவர்கள். சரித்திரப் புஸ்தகத்தில் இந்த எண்களைப் படித்தபோது நாம் ஒரு நிமிஷங்கூட நின்றதில்லை. 79 ஜதைக் கைகளைச் சீவி ஒட்டின பிறகு நிற்கத் தோன்றுகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அண்டை வீட்டு நண்பர் சிந்தியாவாக இருந்து யுத்தத்தை நடத்தினார். பையன் சென்னைப் பட்டாளத்தின் அதிபதி. சிப்பாய்கள் ஆற்றைக் கடந்து பீரங்கி வரிசையை நோக்கிப் போனார்கள். நண்பர் பகடையை உருட்டினார். முன் வரிசையில் நாலு பேர் போக வேண்டும் என்று வந்தது. பையன் கையை நீட்டினவன் தயங்கினான். முன் வரிசையில் நின்ற மீசைக்காரன் அவனே ஒட்டிய ஆள். "இவன் வேண்டாம்" என்று சொல்லி, பின்னாலிருந்து நாலு பேரை எடுத்துப் பெட்டியில் போட்டான். விதியில் அதற்கு இடம் உண்டு. எந்தப் பொம்மையை எடுப்பது என்பது அந்தச் சேனைக்கு உரியவன் இஷ்டம்.

பிறகு நண்பரின் முறை. அவரையும் கவனித்தோம். நல்ல உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். பொம்மைக்கெல்லாம் மனம் இளகுகிற பேர்வழி அல்லர். அவரும் முதலில் எடுத்தது அவசர அவசரமாக வர்ணம் பூசின ஓரத்து ஆட்களைத்தான். முகம் திருத்தமாக அமைந்தவர்கள் கடைசி வரையில் நின்றார்கள். அன்றைய யுத்தத்தில் 98 பீரங்கிகளைப் பிடித்த கம்பெனி, எங்கள் மேஜையில் நாலு பீரங்கியைக்கூடப் பிடிக்கவில்லை. அதற்குள் சாப்பாட்டுக்கு மேஜை வேண்டும் என்று உள்ளேயிருந்து உத்தரவு வந்துவிட்டது.

சிந்தியாவின் இரண்டாவது பட்டாளத்துக்கு இன்னும் பதினாறு பேர் பாக்கி. பையனுக்கு விடுமுறை முடிய ஒரு வாரம் இருக்கிறது. இப்போதெல்லாம் அவன் அந்தப் பக்கத்து ஆட்களுக்கும் கைகளை ஒட்டிக் கொடுக்கிறான். ஓர் ஆளுக்கு வெகு நேரம் எடுத்துக்கொள்கிறான், அவசரப்படுத்தினால் கேட்பதில்லை.