இரும்புப் புரவியும் அதன் மரபும்

பண்பாடு என்றவுடன் கோயிலும் கூத்தும் ஏடுமே பலரது நினைவில் எழுகின்றன. தொழிற்சாலையில் உருவாகி விலைக்கு விற்கப்படும் யந்திரமொன்றும் தலைமுறைகளைப் பிணைக்கும் மரபாக வளரக்கூடும் என்பதற்கு அமெரிக்காவின் 'குறூசர்' வகை மோட்டார் சைக்கிள்கள் சான்றாகும். தாழ்ந்த இருக்கையும் அகன்ற கைப்பிடியும் நெடுஞ்சாலையில் அவசரமின்றிச் செல்லும் நடையும் இவற்றின் தனி இயல்புகள்.

1901 இல் தொடங்கிய 'இந்தியன்' 1953 இல் உற்பத்தியை நிறுத்தி, நெடுங்காலத்தின் பின் வேறு கைகளில் மறுபிறப்பெடுத்தது. 1903 இல் மில்வோக்கி நகரின் சிறு மரக்கொட்டிலொன்றில் தோன்றிய ஹார்லி டேவிட்சனோ இடையறாது நீடித்து வருகிறது. ஆதலின் மரபு பற்றிய பேச்சும் பெரும்பாலும் அதனைச் சுற்றியே எழுகிறது.

அம்மரபின் உயிர்நாடி ஒலியே எனலாம். இரு சிலிண்டர்கள் 45 பாகைக் கோணத்தில் விரிந்து நிற்க, அவற்றின் இணைப்புத் தண்டுகள் இரண்டும் சுழல்தண்டின் ஒரே முளையிற் பொருந்தியுள்ளன. இதனால் வெடிப்புகள் சம இடைவெளியில் நிகழ்வதில்லை. ஒன்று வெடித்துச் சுழல்தண்டு 315 பாகை திரும்பியதும் மற்றையது வெடிக்கும். மேலும் 405 பாகை திரும்பிய பின்னரே முதலாவதன் முறை வரும். தாளம் தப்பிய இந்நடை பொறியியலாளருக்குக் குறையாகத் தோன்றலாம். அன்பர்க்கு அதுவே இசை. 1994 இல் நிறுவனம் அவ்வொலியைத் தன் வர்த்தகக் குறியாகப் பதிவு செய்ய விண்ணப்பித்து, 2000 இல் அம்முயற்சியைக் கைவிட்டது. ஓசைக்கு உறுதி முடிக்க முனைந்த கதை இது.

ஒலியேனும் தொழிற்சாலையின் ஆக்கம். வடிவத்தின் வரலாறு வேறு. இரண்டாவது உலகப் போரின்போது ஏறத்தாழ 90,000 வண்டிகள் இராணுவத் தேவைக்கென ஆக்கப்பட்டன. போர் முடிந்தபின் மலிவாய்க் கிடைத்த அவ்வண்டிகளை வாங்கியோர் வேண்டாத பாகங்களைக் கழற்றியும் வெட்டியும் தம் மனம்போல் மாற்றினர். அம்முயற்சிகளின் வழியே நீண்ட முன்கவையும் உயர்ந்த கைப்பிடியும் கொண்ட 'சொப்பர்' பிறந்தது. தொழிற்சாலை அப்போக்கைத் தழுவிச் 'சுப்பர் கிளைட்' என்னும் வண்டியை வெளியிட்டது 1971 இலேதான். பட்டறைகள் முன்செல்ல, நிறுவனம் பின்தொடர்ந்தது.

அப்பட்டறைகளில் உழைத்தோர் யாவர்? 1969 இல் வெளியான 'ஈஸி றைடர்' திரைப்படத்தில், அமெரிக்கக் கொடி தீட்டப்பெற்ற எரிபொருட் தாங்கியுடன் பீற்றர் ஃபொண்டா ஓட்டிய வண்டி, சுதந்திரத்தின் சின்னமாக உலகெங்கும் சுவரொட்டிகளில் இடம்பெற்றது. ஏலத்தில் வாங்கிய பழைய பொலிஸ் வண்டிகளிலிருந்து அப்படத்தின் சொப்பர்களை ஆக்குவதில் முதன்மையாய் உழைத்தவர்கள் கிளிஃப் வோஸ், பென் ஹார்டி என்னும் கறுப்பினத்தவர் இருவர். வோஸ், குடியியல் உரிமைப் போராட்டத்தில் மாணவர் இயக்கமொன்றுடன் இணைந்து தென் மாநிலங்களிற் பணியாற்றியவர். ஹார்டி, லொஸ் ஏஞ்சலிஸில் பட்டறை நடத்தியவர். திரையில் இவர்களது பெயர் இடம்பெறவில்லை. பல தசாப்தங்கள் கழிந்த பின்னரே இருவரும் பரவலாக அறியப்பட்டனர். கொடியைத் தீட்டிய வண்டி புகழ்பெற, அக்கொடியின் கீழ்ச் சமவுரிமை வேண்டி நின்றவரின் உழைப்பு மறைந்தமை வெறும் தற்செயல் என்று கொள்வதற்கில்லை. வெள்ளை இளைஞரின் வீதிக்கதையாகவே இம்மரபு நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது.

படத்துக்கென ஆக்கப்பட்ட வண்டிகளுட் சில திருட்டுப் போயின. இன்று அவற்றின் படிகளைச் செய்வோர் பலர். திரையின் படிமங்களை வைத்துக்கொண்டு அவர்கள் அளந்து தேடுவது, வோஸும் ஹார்டியும் முன்கவைக்கு அளித்த அந்தச் சாய்வையே.