காரின் பெயர் தெரியும், ஓட்டியவரின் பெயர்?

 

கொஞ்ச நாளாக எங்கள் பிள்ளைகளின் போன்களில் அமெரிக்கப் பழைய கார் ரேஸ் வீடியோக்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. இரண்டு கார்கள் பக்கம் பக்கமாக நிற்கும். சைகை கிடைத்ததும் வளைவு நெளிவு இல்லாமல் நேராகக் கால் மைல், அதாவது ஏறக்குறைய 402 மீற்றர் பாயும். சில வினாடிகளில் எல்லாம் முடிந்துவிடும். இதைத்தான் ட்ராக் ரேஸ் என்கிறார்கள். அதிலே 'ஸ்டொக்' என்று ஒரு பிரிவு உண்டு. கம்பனி விற்ற சாதாரண ரோட்டுக் காரை, பெரிதாக எதையும் மாற்றாமல் கொண்டுவந்து ஓட்டுகிற பிரிவு அது.

1951இல் இந்த ரேஸுக்கென்று அங்கே ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1961இல் கலிபோர்னியாவின் பொமோனாவில் நடந்த போட்டியில் டொன் நிக்கல்சன் என்பவர் ஒரு செவர்லே காரில் ஸ்டொக் பிரிவை வென்றார். அந்தக் காரின் எஞ்சின் 6.7 லீற்றர். எங்கள் ஊரில் ஓடிய மொரிஸ் மைனரின் 948 சீசீ எஞ்சின் ஏழைச் சேர்த்தாலும் அந்த அளவுக்குச் சற்றுக் குறைவுதான்!

ஆனால் எங்கள் கண்ணில் பட்டது வேகம் அல்ல. அறுபது வருடம் கழிந்த பின்பும் அந்த ரசிகர்கள் எந்தக் காரை யார் ஓட்டினார், என்ன நிறம், எந்த வருடம் என்று எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறார்கள். காரின் கதவிலேயே ஓட்டுபவரின் பெயரை எழுதியிருக்கிறார்கள். எங்கள் நாட்டிலும் நுவரெலியாவில் மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934இல் தொடங்கியது. அதில் வென்றவர்களின் பெயர்கள் பத்திரிகைகளில் வந்தன.

எங்கள் மன்னார்த் தீவில் அப்படி ஒரு ரேஸ் இல்லை. கார்கள் இருந்தன. அவற்றை ஓட்டிய காக்காமாரும் அண்ணன்மாரும் இருந்தார்கள்.

மொரிஸ் மைனர் 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. அதே காலத்தில் ஒஸ்டின் ஏ 40, பிறகு கேம்பிரிட்ஜ். 1960களிலும் 70களிலும் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் புதுக் கார்கள் வருவது அரிதாகியது. 1977க்குப் பிறகுதான் ஜப்பான் வாகனங்கள் பெருவாரியாக வந்தன. அதனால் வந்து சேர்ந்த கார்களையே ஒட்டியும் வெட்டியும் ஓட்ட வேண்டியிருந்தது. அதிலும் எங்கள் தீவு உப்புக் காற்று வீசும் இடம். தகரத்தைக் கடல் தின்றுவிடும். காரை ஓட்டுபவரே பாதி மெக்கானிக்காக இல்லாவிட்டால் அது ஓடாது.

மூத்தவர்களிடம் கேட்டால் கம்பனிப் பெயரில் காரைச் சொல்ல மாட்டார்கள். "இன்னாருடைய கார்" என்றுதான் சொல்வார்கள். நடுச்சாமத்தில் பிள்ளைப்பேற்று வலி எடுத்த ராத்தாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது இன்னாருடைய கார். மாப்பிள்ளை வந்திறங்கியது இன்னாருடைய கார். ஆவணித் திருவிழாவுக்கு மடு மாதா கோயிலுக்குக் கத்தோலிக்கக் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு போனதும் ஒரு முஸ்லிம் காக்காவின் ஹயர் கார்தான். பாஸ்பேக் ஒருவர் தாண்டி ஒருவர் மடியில் உட்கார்ந்து போன கதைகளை எங்கள் உம்மாமார் சிரித்துச் சிரித்துச் சொல்வார்கள்.

பிறகு 1990 ஒக்டோபர். வடக்கு முஸ்லிம்கள் எல்லோரும் சில நாட்களுக்குள் வெளியேற்றப்பட்டோம். தீவில் இருந்தவர்கள் வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிக் கரைக்குப் போனார்கள். வள்ளத்தில் காரை ஏற்ற முடியாது. வீட்டையும் தோணியையும் ஆட்டையும் மாட்டையும் விட்டதுபோல வாகனங்களையும் விட்டுவிட்டுத்தான் போனார்கள். எங்கள் தலைமுறை புத்தளம் அகதி முகாமின் கிடுகுக் கொட்டில்களில் கண் விழித்த தலைமுறை. ஊரின் கார்களை நாங்கள் கதைகளில்தான் பார்த்தோம்.

கடலுக்கு இந்தப் பக்கம், வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் அந்தப் பழைய கார்களுக்கு வேறொரு சோதனை வந்தது. பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லை. மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் இலகுவாக ஆவியாகாது. அதனால் ஒரு சிறு போத்தலில் பெற்றோலைப் பொத்திப் பொத்தி வைத்து, காபரேட்டருக்குள் கொஞ்சம் விட்டு ஸ்டார்ட் பண்ணுவார்கள். எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகை கிளம்பும், பிளக்கில் கரி பிடிக்கும், எஞ்சின் ஒயிலும் கெட்டுப்போகும். ஆனாலும் நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்ல நல்ல பாடம் ஒன்று இதில் இருக்கிறது. ரேஸ் காரில் எஞ்சின் எரிபொருள் கலவையை எவ்வளவு இறுக்கி அமுக்குகிறதோ அவ்வளவு சக்தி கிடைக்கும். பழைய ஒஸ்டினின் எஞ்சின் ஏழுக்கு ஒன்று என்ற அளவில்தான் அமுக்கும். ரேஸில் அது குறை. தரம் குறைந்த எரிபொருள் வந்தபோது அந்தக் குறைதான் அதைக் காப்பாற்றியது. இறுக்கமான புது எஞ்சின்கள் 'டக் டக்' என்று அடித்துத் திணறும் இடத்தில், மெதுவான கிழட்டு எஞ்சின் பொறுமையாக ஓடியது.

அந்தப் பொறுமை எஞ்சினுக்கு மட்டும் சொந்தமானதல்ல, ஓட்டியவருக்கும் சொந்தம். இலங்கையில் செய்த மொரிஸ் மைனர் உதிரிப்பாகங்கள் இங்கிலாந்தின் பாத் நகரத்துக்கே ஏற்றுமதியாகியிருக்கின்றன. காரைப் பெற்ற நாடே நம்மிடம் பாகம் வாங்கியது என்றால், எங்கள் கராஜ் பாஸ்மாரின் கைவேலைக்கு அதைவிடச் சான்று தேவையில்லை.

2010இல் புதுப் பாலம் திறந்தது. 2015இல் தலைமன்னாருக்கு ரயில் திரும்பி வந்தது. எங்களில் பலரும் திரும்பி வந்தோம், அல்ஹம்துலில்லாஹ். இப்போது பாலத்துக்கான நேர் ரோட்டில் பைக்கை முறுக்கும் தம்பிமாரைக் காண்கிறோம். வேகத்தில் ஆசை இருப்பது பிழையில்லை. ஆனால் அமெரிக்காவில் அந்த ரேஸுக்கென்றே பூட்டிய பாதை உண்டு, காவல் உண்டு, ஹெல்மெட் உண்டு. எங்கள் ரோட்டில் கழுதையும் மாடும், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளும்தான் உண்டு. தம்பிமாரே, நீங்கள் போற்ற ஒரு சாரதி வேண்டுமென்றால் வீடியோவில் தேட வேண்டியதில்லை. உங்கள் அப்பாவிடமோ மூத்தாப்பாவிடமோ கேளுங்கள்.

ஏனென்றால் காலம் போகிறது. அந்தச் சாரதிமார் ஒவ்வொருவராக மௌத்தாகிக்கொண்டிருக்கிறார்கள். காரின் பெயரை இணையத்தில் எப்போதும் தேடி எடுக்கலாம். எருக்கலம்பிட்டியிலும் தாராபுரத்திலும் உப்புக்குளத்திலும் பேசாலையிலும் தலைமன்னாரிலும் இரவு பகல் பாராமல் வண்டி எடுத்தவர்களின் பெயரை நாங்கள் எழுதாவிட்டால் யாரும் எழுதப்போவதில்லை. அவர்கள் முஸ்லிம்கள் மட்டுமல்ல. எங்களை ஏற்றிப்போன கத்தோலிக்க, இந்துச் சகோதரர்களின் பெயர்களும் சேர வேண்டும்.

வீட்டில் மூத்தவர் ஒருவர் இருந்தால் இந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் அவர் பக்கத்தில் உட்காருங்கள். கொப்பி ஒன்றை எடுங்கள். மூன்று கேள்விகள் போதும்: என்ன கார், யார் ஓட்டியது, உங்களை எங்கே கொண்டுபோனது? சொல்லும்போது அவர்கள் முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள். பழைய படம் இருந்தால் போனில் எடுத்து வையுங்கள். பின்பக்கத்தில் பெயர் எழுதியிருந்தால் அதையும் சேர்த்து எடுங்கள்.

மறைந்துபோன அந்தச் சாரதிமார் எல்லோருக்காகவும் துஆச் செய்வோம். உயிரோடு இருப்பவர்களை ரோட்டில் கண்டால் நின்று ஸலாமோ வணக்கமோ சொல்லிவிட்டுப் போவோம்.