தில்லியில் ஒரு காவிரிக்கரைத் துறவி

தில்லி மெட்ரோவின் மஞ்சள் தடத்தில் காஷ்மீரி கேட்டுக்கு அடுத்த நிலையம் சிவில் லைன்ஸ். துணைநிலை ஆளுநரின் மாளிகை இருக்கும் வட்டாரம். இங்கே கோர்ட் லேனில் இருக்கிறது பிரதர்ஹுட் ஹவுஸ். 1877-ல் கேம்பிரிட்ஜிலிருந்து வந்த ஆங்கிலிகன் குருமார்கள் தொடங்கிய சகோதரர் சபையின் இல்லம். 1881-ல் செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியை ஆரம்பித்ததும் இவர்கள்தான்.

தமிழ்நாட்டுப் பயணிகள் இந்த வீட்டைத் தேடிப் போவது அபூர்வம். ஆனால் போவதற்குக் காரணம் இருக்கிறது. காவிரிக்கரையில் காவி உடுத்தி வாழ்ந்த ஒரு பிரெஞ்சுத் துறவியின் எழுத்துகளுக்கு அடைக்கலம் தந்த வீடு இது.

அவர் ஹென்றி லெ சோ. 1910-ல் பிரிட்டனி கடலோரத்தில் பிறந்தவர். 1929-ல் பெனடிக்ட் சபை மடத்தில் சேர்ந்தார். நான்காம் நூற்றாண்டில் எகிப்துப் பாலைவனத்துக்குத் தனிமை தேடிப் போன ஆதித் துறவிகளின் வழியில் வந்த வாழ்க்கை அது. அந்தத் தனிமையைத் தேடி 1948-ல் அவர் வந்து சேர்ந்தது தமிழ்நாட்டுக்கு. 1949 ஜனவரியில் திருவண்ணாமலையில் ரமணரைப் பார்த்தார். 1950-ல் குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில், மோன்ஷானன் அடிகளுடன் சேர்ந்து சச்சிதானந்த ஆசிரமத்தை நிறுவினார். ஊர் அதைச் சாந்திவனம் என்றது. அவர் அபிஷிக்தானந்தர் ஆனார்.

சிக்கல் அதன் பிறகுதான். அருணாசலக் குகைகளில் மௌனம். திருக்கோவிலூரில் ஞானானந்த கிரி சுவாமிகளின் சந்நிதி. இரண்டற்ற ஒன்று என்ற அனுபவம் அவரைப் பிடித்துக்கொண்டது. அப்படியானால் கிறிஸ்துவிடம் 'நீர்' என்று பேசுவது யார்? இந்தக் கேள்வி அவரது நாட்குறிப்பு நெடுக ஓடுகிறது. திருச்சபையையும் விடவில்லை, அத்வைதத்தையும் விடவில்லை. 1968-ல் ஆசிரமத்தைப் பீட் கிரிஃபித்ஸிடம் ஒப்படைத்துவிட்டு உத்தரகாசிக்குப் போனார். 1973 ஜூலையில் ரிஷிகேஷ் தெருவில் மாரடைப்பு. அதே ஆண்டு டிசம்பர் 7 அன்று இந்தூரில் காலமானார்.

விட்டுச்சென்றது காகிதக் கட்டுகள். 1978-ல் தில்லியில் அவர் பெயரில் ஒரு சங்கம் உருவானது. பின்னாளில் அது கலைக்கப்பட்டது என்றாலும், அதற்குள் வேலை நடந்துவிட்டது. சகோதரர் சபையைச் சேர்ந்த ஜேம்ஸ் ஸ்டூவர்ட், கடிதங்களைத் திரட்டி அவரது வாழ்க்கை வரலாறாகவே தொகுத்தார். அது 1989-ல் வெளிவந்தது. வெளியிட்டது காஷ்மீரி கேட்டிலுள்ள ஐ.எஸ்.பி.சி.கே. பதிப்பகம். அருணாசல அனுபவங்களை 1979-லும், நாட்குறிப்பின் ஆங்கில வடிவத்தை 1998-லும் கொண்டுவந்ததும் அதுவே. திருவண்ணாமலைக் குகையில் கிடைத்தது உலகத்துக்குப் போனது பழைய தில்லி வழியாக!

ரோமன் கத்தோலிக்கத் துறவியின் குரலை ஆங்கிலிகன் குருமார் காப்பாற்றியதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. எந்த வேலிக்குள்ளும் முழுதாக அடங்காதவரை, வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் புரிந்துகொண்டார்கள். பெயரும் உருவமும் கடந்ததைத் தேடியவர் அவர். ஆனால் அந்தத் தேடலின் வலியை இன்று அறிய, தில்லி பாதுகாத்த அந்தக் காகிதங்களே துணை. சாந்திவனத்துக்குப் போகிறவர்கள் பார்ப்பது அவர் வாழ்ந்த இடத்தை. அங்கே அவருக்குள் என்ன நடந்தது என்பதைச் சொல்வது கோர்ட் லேன்.