கோயிலிலிருந்து வந்தது

உலைக்கு அரிசி அளந்த பிறகு அதிலிருந்து ஒரு பிடி அள்ளி, அடுப்படி மூலையில் இருக்கும் கலயத்தில் போட்டுவிட்டுத்தான் ஆச்சி மிச்சத்தைக் களைவாள். வீட்டில் ஆள் கூடினாலும் குறைந்தாலும் அந்தப் பிடி தவறாது. பனைத்தொழில் ஓய்ந்து, கையில் காசு புரளாத மழைமாதங்களிலும் தவறாது. ஞாயிற்றுக்கிழமை கலயத்தைக் கவிழ்த்து மஞ்சள் பையில் கட்டிக் கோயிலுக்குக் கொண்டுபோவோம். தேரிக்காட்டுக் கிறிஸ்தவர்களான எங்களுக்குக் கோயில் என்றால் சர்ச். ஐயர் என்றால் போதகர். அங்கே எல்லா வீட்டு அரிசியும் ஒரே சாக்கில் விழும். ரேஷன் அரிசி, புது நெல் குத்திய அரிசி, குருணை எல்லாம் கலந்து கிடக்கும். எது யார் வீட்டுப் பிடி என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

அந்தச் சாக்கு எங்கே போகும் என்பது உபதேசியாருக்கும் சபையின் பெண்கள் சங்கத்தாருக்கும் தெரியும். பனையிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்தவர் வீட்டுக்குப் போகும். புருஷனை இழந்து, சின்னப் பிள்ளைகளோடு நிற்பவளுக்குப் போகும். வாங்குகிறவர்கள் வீட்டிலும் கைப்பிடிக் கலயம் உண்டு. அவர்களும் அடுத்த ஞாயிறு ஒரு சிறு பொட்டலத்தோடு வருவார்கள். இதைப் பிள்ளையாக இருந்தபோது நான் விளங்கிக்கொள்ளவில்லை. வளர்ந்த பிறகு, எத்தனையோ தர்மகாரியங்களில் வாங்குகிறவர் வரிசையில் நின்று, புகைப்படத்துக்கு முகம் காட்டி, தலை குனிந்து போவதைப் பார்த்த பிறகுதான் அந்தச் சாக்கின் அருமை தெரிந்தது.

இதை எங்கள் ஊருக்கே உரியது என்று சொல்ல மாட்டேன். காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி பிடி அரிசித் திட்டம் வகுத்தார். மிசோரம் சபைகளில் இதே கைப்பிடி அரிசி ‘புஹ்ஃபாய் தம்’ என்ற பெயரில் இன்றும் நடக்கிறது. பசியை நன்றாக அறிந்த பெண்கள் எங்கெல்லாம் உலை வைத்தார்களோ, அங்கெல்லாம் இந்த யோசனை தோன்றியிருக்கும் போல.

ஆனால் எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு முன்கதை உண்டு. இங்கே சில ஊர்கள் உண்டானதே அடிபட்டவர்களுக்கு இடம் கொடுப்பதற்காகத்தான். ஞானஸ்நானம் வாங்கியவர்களின் வீடுகளைக் கொளுத்தி அவர்களை ஊரைவிட்டு விரட்டிய காலத்தில், தாவீது சுந்தரானந்தம் என்ற உபதேசியார் முன்னின்று, விலைக்கு வாங்கிய சிறு நிலத்தில் அவர்களைக் குடிவைத்தார். 1799இல் அப்படிப் பிறந்தது முதலூர். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயர், பத்து ஆண்டு கழித்துத் தரும சங்கம் என்று ஒன்றைத் தொடங்கினார். துரத்தப்பட்டவர்கள் குடியேற நிலமும் வீடும் வாங்குவதுதான் அதன் வேலை. ரேனியஸை வேதத்தை மொழிபெயர்த்தவர் என்றே பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அவர் முதலில் நிலம் வாங்கிக் கொடுத்தவர். தலைக்கு மேல் கூரை இல்லாதவனுக்கு எந்த மொழிபெயர்ப்பு உதவும்?

மறுபடியும் ஆச்சியிடம் வருகிறேன். அவளுக்கும் பக்கத்து விளை மதினிக்கும் எல்லைப் பனை ஒன்றின் பேரில் பேச்சுவார்த்தை கிடையாது. எனக்கு விவரம் தெரிவதற்கு முன்பே தொடங்கிய சண்டை. கோயிலில் ஒரே பாயின் இரண்டு முனைகளில் உட்கார்ந்திருப்பார்கள். அந்த மதினி டைபாய்டில் கிடந்தபோது ஆச்சி கஞ்சி காய்ச்சி, கருப்பட்டித் துண்டும் காணத் துவையலும் வைத்துத் தூக்குச்சட்டியை என் கையில் கொடுத்தாள். “ஏட்டி, கோயில்ல இருந்து குடுத்துவிட்டாங்கன்னு சொல்லு. எம்பேரச் சொல்லாத.”

மதினி சட்டியை வாங்கிப் பார்த்தாள். ஆச்சி வீட்டுச் சட்டியின் நெளிவு ஊருக்கே தெரியும். அவளும் என்னிடம், “கோயிலுக்கு ரொம்ப ஸ்தோத்திரம்னு சொல்லிரு” என்றாள். அவள் எழுந்து நடமாடும்வரை தினமும் கஞ்சி போனது. சண்டை தீரவில்லை. பனையும் அங்கேதான் நின்றது. கோயில் என்ற பெயர் மட்டும் நடுவில் இல்லாதிருந்தால் அந்தக் கஞ்சி ஒரு நாளும் வேலி தாண்டியிருக்காது. நம்பிக்கையால் கூடிய மக்கள் ஒருவருக்கொருவர் செய்யக்கூடியவற்றில் பெரியது இதுதான் என்று நினைக்கிறேன்: கொடுப்பவரின் முகத்தை மறைத்துவிடுவது.

அறுப்பின் பண்டிகை ஏலத்திலும் இதைப் பார்த்திருக்கிறேன். முதல் காய்ப்பு முருங்கை, வாழைத்தார், சேவல், கருப்பட்டிச் சிப்பம் என்று காணிக்கை வரும். தனியாக இருக்கும் கிழவி ஒருத்தி ஒற்றை முட்டை கொண்டுவந்து வைப்பாள். ஏலம் கூறுபவர் அதைத் தூக்கிப் பிடித்ததும் விலை ஏறும். எடுத்தவர் பணத்தைக் கட்டிவிட்டு முட்டையைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுப்பார், மறுபடி ஏலம். பண்டிகையிலேயே அதிகம் விலைபோனது அந்த முட்டையாக இருக்கும். கிழவி முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள்.

அப்புறம் அசனம் என்னும் பொதுவிருந்து. இளைஞர்கள் இராத்திரி முழுக்க வெங்காயம் உரிப்பார்கள். பெரியவர்கள் அடுப்பு வெட்டி விறகு அடுக்குவார்கள். விடியும்முன் உலை கொதிக்கும். ஊரே ஒரு பந்தி. சோற்றுக்கு இவ்வளவு செலவா என்று கேட்கும் படித்தவர்கள் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டித் தாமிரபரணிக் கரை முழுக்க மூழ்கியதே, அப்போது அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தது. கரண்டும் இல்லை, போனும் இல்லை. அண்டாவும் கிடாரமும் இருந்தன கோயிலில். நூறு பேருக்கு எவ்வளவு அரிசி, எந்த அடுப்பில் எவ்வளவு தீ என்பது ஆண்டுதோறும் அசனம் ஆக்கிய கைகளுக்குத் தெரியும். யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை. அதே நாட்களில் ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் வெள்ளத்துக்கு நடுவே நின்றுபோக, பக்கத்துப் புதுக்குடி மக்கள் தங்கள் வீட்டு அரிசியைக் கொண்டுவந்து பத்திரகாளியம்மன் கோயிலில் பொங்கிப் பயணிகளுக்குப் போட்டார்கள். அவர்கள் கைக்கும் அது கொடைவிழாவில் பழகிய வேலைதான்.

இந்தப் பந்திக்கு வேலியும் உண்டு என்பதைச் சொல்லாமல் விட என் மனம் ஒப்பாது. ஆதித் திருச்சபையிலேயே கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாடப் பந்தியில் கவனிக்கப்படவில்லை என்று முறுமுறுப்பு எழுந்தது. அதற்காகவே ஸ்தேவான் உட்பட ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரம் சொல்கிறது. நம் தமிழ்ச் சபைகளில் சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் இன்னும் இருக்கிறது. ஒரே அப்பத்தைப் பிட்டுத் தின்றவர்களைச் செத்த பிறகு பிரித்துப் புதைப்பது எனக்குத் தாங்கவில்லை. இதற்கும் ஏழு பேர் எழுந்திருக்க வேண்டும்.

அரிசிக்கு இப்போது முடை இல்லை. 2011 ஜூன் முதல் ரேஷனில் விலையில்லாமலே கிடைக்கிறது. பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் வளைகுடாவிலும் இருக்க, பெரிய வீடுகளில் ஒற்றை ஆளாக வயசானவர்கள். இந்தப் பசிக்குக் கலயம் போதாது. சங்கத்துப் பெண்கள் இதைக் கண்டுகொண்டதில் எனக்குப் பெருமை. டயாலிசிஸுக்குத் திருநெல்வேலி போகிறவரோடு துணைக்கு யார், மருந்து வாங்கிக் கொடுப்பது யார், சாயங்காலம் போய்ப் பேசிக்கொண்டிருப்பது யார் என்று முறை வைத்துக்கொள்கிறார்கள்.

என் அம்மாவுக்குக் கண்புரை அறுவை நடந்தபோது நான் வெளியூரில். சொட்டு மருந்து விட வேளை தவறாமல் வந்திருக்கிறார்கள். கண் தெளிந்ததும் அம்மாவையும் முறையில் சேர்த்துவிட்டார்கள். முழங்கால் வலியோடு அடுத்த தெரு மாமி வீட்டுக்கு வாரம் இரண்டு சாயங்காலம் போகிறாள். அந்த மாமிக்கு இப்போது பார்வை மங்கல். அம்மா அவளுக்குச் சங்கீதம் வாசித்துக் காட்டுகிறாள். முடித்ததும் இரண்டு பேரும் சீரியல் போட்டுக்கொள்கிறார்கள். படம் சரியாகத் தெரியாததால் யார் வருகிறார்கள், யார் அழுகிறார்கள் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருக்க வேண்டுமாம். அந்த நேரத்தில் நான் போன் செய்தால், “அப்புறம் கூப்பிடு மக்கா, வேலையா இருக்கேன்” என்று வைத்துவிடுகிறாள்.